ஜன்னல் சீட்: ஏ பக்கமா, கே பக்கமா?

நீண்ட விமானப் பயணத்தில் ஜன்னலோரம் பிடிப்பது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில். பதில்களில் எழுத்துகள் அடிக்கடி வரும் என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விமானத்தின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்தால் இடது கை ஓரம் எப்போதும் ஏ. வலது கை ஓரம் பெரிய விமானங்களில் பெரும்பாலும் கே, சில நிறுவனங்களில் எல். 737, ஏ320 போன்ற சின்ன விமானங்களில் எஃப்.

ஏப்ரலில் சென்னையிலிருந்து லண்டன் போகிறோம். விடியற்காலை 5.30க்குக் கிளம்பும் நேரடி விமானம். பத்து மணி நேரத்துக்கு மேல் பகல்தான். வெயில் தொல்லை இல்லாமல் வேடிக்கை பார்க்க எந்தப் பக்கம் நல்லது?
– தாம்பரம் வாசகர்

கே பக்கம் எடுங்கள். ஏன் என்று தெரிந்துகொண்டால் இனிமேல் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

திசைகளை டிகிரியில் வைத்துக்கொள்ளுங்கள்: வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. சூரியன் இருக்கும் டிகிரியிலிருந்து விமானம் போகும் டிகிரியைக் கழியுங்கள். மைனஸ் வந்தால் 360 கூட்டுங்கள். விடை 180க்குக் கீழே இருந்தால் வெயில் வலப்பக்கம், மேலே இருந்தால் இடப்பக்கம். அவ்வளவுதான் கணக்கு.

உங்கள் பயணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து லண்டனுக்கு மிகக் குறுகிய வழி சுமார் 8,200 கி.மீ. உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால், அந்த வழி சென்னையில் 320 டிகிரியில், அதாவது வடமேற்கில் தொடங்குகிறது. போகப் போக வளைந்து லண்டனில் கிட்டத்தட்ட நேர் மேற்காக, 270இல் முடிகிறது. சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இந்த வளைவு தெரியாது. பலரும் பக்கம் மாறிப்போவது இங்கேதான்.

ஏப்ரலில் சென்னையில் சூரியன் உதிப்பது சுமார் 80 டிகிரியில். 80இலிருந்து 320 போனால் மைனஸ் 240, கூட்டினால் 120. வலப்பக்கம், கொஞ்சம் பின்னால். லண்டனை நெருங்கும்போது அங்கே காலைப் பொழுது. சூரியன் 145 டிகிரி வாக்கில் தென்கிழக்கில். 145இலிருந்து 270 போனால் மைனஸ் 125, கூட்டினால் 235. இடப்பக்கம். ஆக முதல் ஐந்தாறு மணி நேரம் வெயில் வலது முதுகுப்புறம், அதன் பிறகு இடது முதுகுப்புறம்.

முதல் பாதியில் கே பக்கமும் வெயில்தானே என்று கேட்பீர்கள். வெயில்தான். ஆனால் விடை 120 முதல் 180க்குள் வந்தால் வெயில் பின்னாலிருந்து சாய்ந்து வருகிறது என்று அர்த்தம். அது உங்கள் முகத்தில் விழாது; முன் சீட்டின் முதுகில் விழும். படம் ஓடும் திரை வெளுத்துப்போகும், கண் கூசாது. 0 முதல் 60 வரை வந்தால்தான் ஆபத்து. முன்னாலிருந்து நேராக முகத்துக்கு வரும். இடப்பக்கத்துக்கு இதே கணக்கு 300 முதல் 360 வரை.

நேரமும் ஓட்டமாக ஓடாது. மேற்கே போகும் விமானம் சூரியனோடு கூடவே ஓடுவதால், பதினொரு மணி நேரம் பறந்தாலும் வெளியே வெயில் அடிப்பது காலை ஆறு மணியிலிருந்து பதினொரு மணி வரைக்குமான வெயில்தான். உச்சிவெயிலே கிடையாது, முழுக்க முழுக்கச் சாய்ந்த வெயில். அதனால்தான் இந்த வழியில் பக்கம் பார்த்து உட்கார்வது முக்கியம்.

கே பக்கத்துக்கு இன்னொரு வலுவான காரணம் இறங்கும் இடம். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் மேற்குக் காற்று அடிக்கும் நாட்கள் அதிகம். அப்போது விமானம் கிழக்கிலிருந்து லண்டன் நகரத்தின் மேலேயே வந்து மேற்கு நோக்கி இறங்கும். தேம்ஸ், டவர் பிரிட்ஜ், நாடாளுமன்றம், ராட்டினம் எல்லாம் வலப்பக்க ஜன்னலில் வரிசையாகப் போகும். கிழக்குக் காற்று நாளானால் விண்ட்சர் பக்கமாக வந்து இறங்கிவிடும், நகரம் கிடைக்காது. அது அன்றைய காற்றின் இஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. குறுகிய வழியிலேயே விமானம் போகும் என்று நினைக்காதீர்கள். போரும் பகையும் வழியை மாற்றுகின்றன. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யா மேல் பறப்பதில்லை. 2025 ஏப்ரலில் இந்திய நிறுவனங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டால் கடந்த சில நாட்கள் எந்த வழியாகப் போனது என்று கோடு தெரியும். சூரியன் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை டிகிரியில் இருக்கும் என்பதற்கு சன்கால்க் தளம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பயணத்தின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்துக்குக் கழித்துப் பார்த்தால் போதும்.

அப்படியானால் திரும்பி வரும்போது?
– அதே வாசகர்

ஏ. கடக ரேகைக்கு வடக்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான். மேற்கே போனால் தெற்கு உங்கள் இடது கை, கிழக்கே வந்தால் வலது கை. ஐரோப்பா, அமெரிக்கா போகும்போது கே, வரும்போது ஏ என்று மனப்பாடம் செய்துகொள்ளலாம். இரண்டுமே வடக்குப் பார்த்த ஜன்னல். வெளிச்சம் நம் முதுகுப்பக்கமிருந்து போய்த் தரையில் விழும். மலை, ஆறு, வயல் எல்லாம் நிறத்தோடு தெரியும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவருக்குக் கண்ணாடியில் உள்ள கீறல் எல்லாம் மின்னும், கீழே வெள்ளைப் புகைமூட்டம்தான் தெரியும்.

கொழும்பிலிருந்து லண்டனுக்கு மதியம் ஒரு மணியளவில் புறப்படும் விமானத்தில் டிசம்பரில் பயணஞ்செய்ய இருக்கிறோம். சூரிய அஸ்தமனம் பார்க்க யன்னல் இருக்கை எப்பக்கம் எடுக்க வேண்டும்?
– யாழ்ப்பாண வாசகி

அஸ்தமனம்தான் வேண்டும் என்றால் மேலே சொன்ன விதியைத் தலைகீழாக்கி ஏ பக்கம் எடுங்கள். மதியத்துக்குப் பிறகு சூரியன் மேற்கில், விமானம் வடமேற்கில். பயணம் முழுக்க இடப்பக்கம்தான் நிற்கும். டிசம்பரில் கிளம்பி ஏழு மணி நேரம் கழித்துத்தான் மறையும், அதுவும் தென்மேற்கில். அதுவரை வெயில் உங்கள் பக்கம்தான், மறையும் நேரம் நெருங்க நெருங்க முன்னால் நகர்ந்து முகத்துக்கு வரும். தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ எடுத்துச் செல்லுங்கள்.

காத்திருப்பு வீண் போகாது. இலங்கையில் சூரிய வட்டம் அடிவானத்தைத் தொட்டு முழுக்க மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். மேற்கே விரையும் விமானத்திலிருந்து, அதுவும் வட அகலாங்கில், அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கும். 11 கி.மீ. உயரத்திலிருந்து அடிவானமே மூன்று டிகிரிக்குமேல் தாழ்ந்து தெரிவதால், கீழே இருட்டின பிறகும் உங்களுக்கு வெயில் இருக்கும்.

ஜூனில் போகிறவர்கள் இதை எதிர்பார்க்க வேண்டாம். லண்டனில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். நீங்கள் வெயிலோடேயே இறங்குவீர்கள். அப்போது கே பக்கமே மேல்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து பகல் விமானத்தில் சிட்னி. இதற்கும் அதே விதியா?
– திருச்சி வாசகர்

இல்லை. அந்த விதி இந்தப் பக்கம் செல்லாது. சென்னை, திருச்சி மாதிரி ஊர்களில் ஏப்ரல் இரண்டாம் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. அதோடு நம் ஊரில் பத்து மணிக்கெல்லாம் சூரியன் மேலே ஏறிவிடும். 60 டிகிரிக்கு மேல் ஏறிய சூரியன் விமான ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை, இறக்கையில் பட்டுப் பளபளப்பதோடு சரி. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நாலு மணிக்குப் பின்பும் பறந்தால் மட்டும் கவலைப்படுங்கள். சிங்கப்பூர் வழி கிழக்கு-தென்கிழக்கு. காலை வெயில் இடது முன்பக்கம், மாலை வெயில் வலது பின்பக்கம். மலாக்கா நீரிணை வழியாக இறங்கினால் இடப்பக்கம் மலேசியா, வலப்பக்கம் சுமத்ரா.

சிட்னிக்குப் போகும்போது பூமத்திய ரேகையைத் தாண்டிவிடுகிறீர்கள். ஆஸ்திரேலியாவின் நடுவிலும் தெற்கிலும் நடுப்பகல் சூரியன் வடக்கில். தென்கிழக்கே போகும் விமானத்துக்கு வடக்கு என்பது இடது முதுகுப்புறம். காலையில் கிளம்பினால் வெயில் முதலில் இடது முன்பக்கம், பிறகு இடது பின்பக்கம். பிற்பகலில் நன்றாகச் சாய்ந்த பிறகுதான் வலப்பக்கம் வரும். ஆக நிழல் கே பக்கம், காட்சி ஏ பக்கம்! வடக்கிலிருந்து வந்து சிட்னியில் இறங்கினால் துறைமுகப் பாலமும் ஓபரா ஹவுஸும் இடப்பக்க ஜன்னலில்தான் வரும். நாங்கள் ஏ பக்கத்துக்குத்தான் ஓட்டுப் போடுவோம். ஆஸ்திரேலியாவின் நடுவே மணிக்கணக்கில் செம்மண் பூமி. அது எந்தப் பக்கமும் ஒன்றுதான். தெற்கிலிருந்து இறங்கினால் துறைமுகம் கிடைக்காமல் போகலாம்.

ஜன்னல் சீட் என்று கூடுதல் பணம் கொடுத்து எடுத்தேன். போய் உட்கார்ந்தால் பக்கத்தில் வெறும் சுவர்! ஜன்னல் முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும்தான் தெரிகிறது. இது எப்படி?
– மதுரை வாசகர்

ஜன்னலும் சீட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு அளவுகளில் அமைக்கப்படுவதால் வரும் வினை. விமானத்தின் உடல் வளையங்களால் ஆனது. இரண்டு வளையங்களுக்கு நடுவில்தான் ஜன்னல் வெட்ட முடியும். ஏர்பஸ் ஏ330இல் அந்த இடைவெளி சுமார் 53 செ.மீ. சீட்டுகளோ தரையில் உள்ள தண்டவாளத்தில் பொருத்தப்படுகின்றன. நிறுவனம் தன் விருப்பப்படி நகர்த்திக்கொள்ளலாம். எக்கானமியில் பெரும்பாலும் 79 முதல் 81 செ.மீ. வரை இடைவெளி விடுவார்கள். 53ம் 80ம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஒரு வரிசைக்கு ஒன்றரை ஜன்னல் கிடைக்கும், அடுத்த வரிசைக்கு இரண்டு ஜன்னல்களுக்கு நடுவிலுள்ள சுவர் கிடைக்கும்.

சில இடங்களில் ஜன்னலே வைத்திருக்க மாட்டார்கள். போயிங் 737இல் இறக்கைக்குச் சற்று முன்னால், 10 முதல் 12 வரையிலான வரிசைகளுக்குள் ஓரிடத்தில் இடப்பக்கச் சுவர் மூடியிருக்கும். வயிற்றுப்பகுதியிலிருந்து குளிர்காற்றை மேலே கொண்டுபோகும் குழாய் அந்தச் சுவருக்குள் ஏறுகிறது. எந்த வரிசை என்பது நிறுவனத்தின் சீட் அமைப்பைப் பொறுத்தது.

விமான நிறுவனத்தின் சீட் மேப் இதையெல்லாம் காட்டாது. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஜன்னல் இருப்பதுபோலத்தான் தெரியும். ஏரோலோபா என்ற தளத்தில் நிறுவனம், விமான வகை வாரியாக வரைபடம் இருக்கிறது. சுவரில் ஜன்னல் எங்கே, சீட் எங்கே, இறக்கை எது வரை என்று அளவோடு வரைந்திருப்பார்கள். உங்கள் சீட்டின் முதுகுக்குச் சற்று முன்னால், அதாவது முட்டிக்கு நேராக ஜன்னல் இருக்கும் வரிசையைத் தேடுங்கள். சீட்டைச் சாய்த்தால் தலை இன்னும் பின்னால் போகும். அதனால் தோளுக்கு நேரான ஜன்னலைவிட முட்டிக்கு நேரான ஜன்னலே வசதி.

இறக்கையையும் பாருங்கள். பெரிய விமானங்களில் இறக்கைக்கு முன்னால் உள்ள இடம் பெரும்பாலும் பிசினஸ் வகுப்புக்குப் போய்விடுகிறது. எக்கானமியின் முதல் பாதி இறக்கைமேல். கீழே தரை தெரிய வேண்டுமானால் கடைசி மூன்றில் ஒரு பங்குக்குப் போக வேண்டும். அங்கேயும் ஒரு குறை: எஞ்சினிலிருந்து வரும் சூடான காற்று பின்னால் ஓடுவதால், இறக்கையை ஒட்டிப் பின்னால் உள்ள வரிசைகளில் தரை நெளிநெளியாகத் தெரியும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஜூம் செய்து படம் எடுத்தால் தெரியும். இன்னும் நாலைந்து வரிசை பின்னால் போனால் கொஞ்சம் தணியும்.

பணம் கட்டிய பிறகும் வேலை முடியவில்லை. கடைசி நேரத்தில் வேறு வகை விமானத்தை மாற்றிவிடுவார்கள். 34கே என்ற எண் அப்படியே இருக்கும், ஜன்னல் மட்டும் இடம் மாறியிருக்கும். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு ஒருமுறை, ஆன்லைன் செக்-இன் திறந்ததும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

787 விமானத்தில் ஜன்னலை இழுத்து மூடும் ஷட்டரே இல்லை. ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் நீலமாகிறது. பிறகு பட்டன் வேலையே செய்யவில்லை. பழுதா?
– ஈரோடு வாசகி

பழுதில்லை, பூட்டு. 787இன் ஜன்னல் பெரியது, உயரம் சுமார் 47 செ.மீ. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு கூழ் இருக்கிறது. அதில் சின்ன மின்னழுத்தம் கொடுத்தால் நிறம் ஏறும். ஐந்து நிலை உண்டு. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு மாற ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். பொறுமையில்லாமல் திரும்பத் திரும்ப அழுத்துபவர்களைப் பார்க்கலாம். எல்லா ஜன்னலையும் ஒரே இடத்திலிருந்து இருட்டாக்கிப் பூட்ட விமானப் பணியாளர்களால் முடியும். எல்லோரும் தூங்கட்டும் என்று அதைச் செய்வார்கள். உங்கள் ஜன்னலை மட்டும் ஒரு நிலை குறைக்கச் சொல்லி மரியாதையாகக் கேட்டால் சிலர் செய்து தருவார்கள்.

முழு இருட்டிலும் சூரியன் ஒரு நீலப் பொட்டாகத் தெரியும், சூடும் வரும். வெயில் விழும் பக்கத்தில் தூங்க நினைத்தால் கண்மூடி கட்டாயம். படம் எடுக்க நினைத்தால் முதல் நிலைக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் எல்லாப் படமும் நீலம் பூத்து வரும். வேடிக்கை பார்ப்பதே முக்கியம் என்பவர்கள் சாதாரண ஷட்டர் வைத்த ஏ330, 777, ஏ350 விமானங்களைத் தேடுவது நல்லது. ஏ380 பெரிது என்று ஆசைப்பட வேண்டாம். கீழ்த்தளத்தில் சுவர் தடிமனாக வளைந்து ஜன்னல் எட்ட இருக்கும். மேல்தளத்தில் ஜன்னலுக்கும் சீட்டுக்கும் நடுவில் சாமான் பெட்டி இருக்கும். தலையணை, புத்தகம் வைக்க அருமையான இடம், மூக்கைக் கண்ணாடியில் ஒட்ட முடியாது.

புறப்படும்போதும் இறங்கும்போதும் ஷட்டரைத் திறந்து வைக்கச் சொல்வது ஏன்?
– வேலூர் வாசகர்

வெளியே நெருப்போ புகையோ இருந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு உடனே தெரிய வேண்டும். எந்தப் பக்கக் கதவைத் திறக்கலாம் என்று பணியாளர் ஒரே பார்வையில் முடிவெடுக்க வேண்டும். கண்களும் வெளிவெளிச்சத்துக்குப் பழகியிருக்கும்.

நியூயார்க்கிலிருந்து ஐரோப்பா வழியாகச் சென்னை திரும்புகிறோம், நவம்பரில். துருவ ஒளி தெரியும் என்கிறார்களே, உண்மையா?
– நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி

உண்மை. இதற்கு மிக ஏற்ற பயணம் உங்களுடையது. மாலையில் கிளம்பி அட்லாண்டிக்கை இருட்டில் கடக்கும் விமானத்தில் வடக்கு என்பது இடது கை. ஏ பக்கம் எடுங்கள், இறக்கைக்கு நன்றாகப் பின்னால். இறக்கை நுனியில் பளிச்பளிச்சென்று அடிக்கும் விளக்கு கண்ணைக் கெடுத்துவிடும்.

துருவ ஒளி பெரும்பாலும் 100 கி.மீ.க்கு மேலே, காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாக எரிகிறது. நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்து வரை போகும் வழி அந்த வளையத்துக்குத் தெற்கே இருப்பதால், அது உங்களுக்கு வடக்கு அடிவானத்தில் தெரியும். துருவ ஒளியைத் தூண்டுவது சூரியனின் சீற்றம். அது கூடிக் குறையும் சுழற்சி இப்போது உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. உச்சம் கடந்த பிறகும் சில வருடங்கள் நல்ல ஒளி வருவதுண்டு. பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள்.

நியூயார்க்கிலிருந்து நேரே டெல்லி வரும் விமானத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அதன் குறுகிய வழி 70 டிகிரி வட அகலாங்கைத் தொடுகிறது. அதாவது வளையத்துக்கு அடியிலேயே போகிறது. ஒளி தலைக்கு மேலே இருந்தால் எந்த ஜன்னலிலும் முழுதாகத் தெரியாது. துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போவது போன்ற துருவ வழிகளில் வளையத்தையும் தாண்டி வடக்கே போய்விடுவதால், ஒளி தெற்கே தெரியும்.

பார்க்கும் முறை: சாப்பாடு முடிந்து விளக்கு அணைத்ததும் முன் திரையை அணையுங்கள். கம்பளியைத் தலையோடு போர்த்தி, அதன் ஓரத்தை ஜன்னலைச் சுற்றிச் செருகி, உள்வெளிச்சம் கண்ணாடியில் படாமல் அடையுங்கள். பத்து நிமிடம் இருட்டில் கண் பழகட்டும். முதலில் தெரிவது பச்சை அல்ல. நகராத சாம்பல் மேகம்போல ஒரு பட்டை. சந்தேகமாக இருந்தால் போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மேகம் சாம்பலாகவே வரும், துருவ ஒளி பச்சையாக வரும். போனின் லென்ஸைக் கண்ணாடியில் லேசாக ஒட்டி வைத்து நைட் மோடில் மூன்று விநாடி. அதற்கு மேல் வைத்தால் விமானத்தின் ஆட்டத்தில் நட்சத்திரமெல்லாம் புழுவாக நெளியும். கேமராவானால் ஐஎஸ்ஓ 3200, லென்ஸ் முழுத் திறப்பு, 2 முதல் 4 விநாடி.

இன்னொன்று. கிழக்கே வரும் நேரடி விமானங்களில் பகல் சுருங்கிப்போகும். நியூயார்க்கில் இரவு ஒன்பதுக்குக் கிளம்பி டெல்லிக்கு மறுநாள் இரவு வந்து சேரும் பயணத்தில் விடிவதிலிருந்து இருட்டுவது வரை ஏழெட்டு மணி நேரம்தான். அந்தப் பகல் முழுக்க வெயில் வலப்பக்கம்.

விமானத்தின் நிழலைச் சுற்றி வட்டமாக ஒரு வானவில் தெரிந்தது. அதைப் பார்க்கவும் தனிப் பக்கம் உண்டா?
– நாகர்கோவில் வாசகி

உண்டு: சூரியனுக்கு எதிர்ப்பக்கம். நிழல் விழும் பக்கத்தில்தான் அது தெரியும். கீழே உள்ள மேகத்தின் நுண்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் உண்டாகிறது. நிழல் கூடவே தெரிய வேண்டுமானால் மேகம் அருகில் இருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் பாருங்கள். உயரே போன பிறகு நிழல் கரைந்துபோய் வட்டம் மட்டும் ஓடிவரும். வட்டத்தின் மையம் எங்கே என்று கவனியுங்கள். இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் நிழலின் வால் பக்கத்தில் மையம் இருக்கும். நிழல் விமானத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான். முன்வரிசைக்காரர் பார்க்கும் வட்டம் வேறு.

டெல்லியிலிருந்து காத்மாண்டு போகிறோம். எவரெஸ்ட் தெரியுமா? எந்தப் பக்கம்?
– கோவை வாசகர்

போகும்போது ஏ, வரும்போது எஃப். ஆனால் எவரெஸ்டை நம்பிப் போகாதீர்கள். அது காத்மாண்டுக்கும் கிழக்கே இருக்கிறது. நீங்கள் அதற்கு முன்பே இறங்கிவிடுவீர்கள். முன்னால் எட்டத்தில் தெரிந்தால் அதிர்ஷ்டம். உங்கள் ஜன்னலில் வருவது தவளகிரி 8,167 மீட்டர், அன்னபூர்ணா 8,091, மனாஸ்லு 8,163. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக. இதற்குமேல் என்ன வேண்டும்? மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பர், அதுவும் காலை விமானம் சிறந்தது. ஏப்ரல், மே மாதங்களில் சமவெளியின் தூசும் புகையும் பாதி மலையை மறைத்துவிடும். பாங்காக்கிலிருந்து டெல்லி வருபவர்களுக்கும் வலப்பக்கம், வங்காளதேசம் தாண்டியதும், இமயமலை எட்டத்தில் ஒரு வெள்ளைக் கோடாக நீண்ட நேரம் கூட வரும்.

அம்மாவுக்கு 68 வயது. முதல்முறை தனியாக, துபாய் வழியாக டல்லாஸ் வருகிறார்கள். ஜன்னல் சீட்தான் வேண்டும் என்கிறார்கள். எடுக்கலாமா?
– டல்லாஸிலிருந்து ஒரு வாசகர்

சென்னை–துபாய் நாலு மணி நேரத்துக்கு ஜன்னல் எடுத்துக்கொடுங்கள், அம்மா ஆசை தீரப் பார்க்கட்டும். துபாய்–டல்லாஸ் பதினாறு மணி நேரத்துக்கு நடைபாதை ஓரம்தான் எங்கள் யோசனை. 777இல் ஒரு பக்கத்துக்கு மூன்று சீட். ஒவ்வொருமுறை பாத்ரூம் போகவும் இரண்டு பேரை எழுப்ப வேண்டும். கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள்தான் கால் வீங்கி இறங்குவார்கள். இரண்டு மணிக்கொருமுறை எழுந்து நடக்கட்டும்.

ஜன்னல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. 777இன் வால்பகுதி குறுகுவதால் கடைசிச் சில வரிசைகளில் ஓரத்தில் மூன்றுக்குப் பதில் இரண்டு சீட் மட்டும் போட்டிருப்பார்கள். ஒருவரைத் தாண்டினால் போதும், பாத்ரூமும் பக்கம். குறைகளும் உண்டு: ஆட்டம் கொஞ்சம் அதிகம், இறங்குவது கடைசியில், சீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும். கண்ணாடி, மாத்திரை டப்பா எதை வைத்தாலும் அதில் விழுந்துவிடும். கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜன்னலோரத் தரை சில்லென்று இருக்கும், சாக்ஸும் சால்வையும் கையில் இருக்கட்டும்.

ஜன்னல் கண்ணாடியின் அடியில் ஊசித்துளைபோல ஓட்டை இருக்கிறதே, காற்று போய்விடாதா?
– கும்பகோணத்திலிருந்து ஒரு பள்ளி மாணவர்

போகாது, தம்பி. மூன்று அடுக்கு இருக்கிறது. வெளி அடுக்குதான் காற்றழுத்தத்தைத் தாங்குகிறது. துளை நடு அடுக்கில். உள்ளே இருக்கும் அழுத்தம் துளை வழியாக வெளி அடுக்கு வரை போய்விடுவதால், நடு அடுக்குக்கு வேலை இல்லை. வெளி அடுக்கு உடைந்தால் தாங்குவதற்காகக் காத்திருக்கிறது. ஈரக்காற்று அதன் வழியே போய் வருவதால் கண்ணாடி பனி மூடாமல் இருக்கிறது. துளையைச் சுற்றி மட்டும் பூப்போலப் பனி படியும். நீ தொடுகிற உள் அடுக்கு வெறும் பிளாஸ்டிக், கீறல் விழாமல் காப்பதற்கு.

வெயில் பக்கம் உட்கார்ந்தால் முகம் கறுக்குமா?
– சேலம் வாசகி

தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் கதிரை ஜன்னல் பெருமளவு தடுத்துவிடும். கறுக்க வைக்கும் யுவிஏ கதிர் ஓரளவு உள்ளே வரலாம். பத்து மணி நேரம் வெயில் பக்கம் என்றால் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு ஏறுங்கள், பாதியில் ஒருமுறை திரும்பப் பூசுங்கள். போலராய்டு கண்ணாடி மட்டும் வேண்டாம். ஜன்னலின் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வெளியே எல்லாம் கலர் கலர் கோடாகத் தெரியும்.